அவன் டாக்டர் இல்லை

பிரான்சில் புதுப்படம் பெரும்பாலும் புதன்கிழமைதான் வெளியாகும். 2010 டிசம்பர் 1ஆம் தேதியும் புதன்தான். பாரிஸில் இரவு வேலை முடிந்து, வீட்டுக்குப் போய்ப் படுக்காமல் நேராகக் காலைக் காட்சிக்குப் போனேன். படம் 'ஆ பூ போர்த்தான்'. துப்பாக்கியை ஆளுக்கு மிக அருகில் வைத்துச் சுடுவதை பிரெஞ்சில் அப்படிச் சொல்வார்கள். இருட்டில் உட்கார்ந்தால் குறட்டை விட்டுவிடுவேனோ என்று பயம் இருந்தது. கண் மூடவே இல்லை.

போனதற்குக் காரணம் ஒன்றுதான். கதாநாயகன் எங்கள் ஜாதி, அதாவது எத்-சுவாஞான். நர்ஸுக்கு ஒரு படி கீழே. நோயாளியைக் குளிப்பாட்டுவது, விரிப்பு மாற்றுவது, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் நாங்கள். ஊசியைத் தொடக் கூடாது.

ஜீல் லெலூஷ் நடித்த சாமுவேலுக்கும் அதே வேலைதான். விபத்தில் அடிபட்டு வென்டிலேட்டரில் கிடப்பவனின் குழாயை யாரோ அறுத்துவிட, இவன் காப்பாற்றிவிடுகிறான். அதுதான் வினை. சாமுவேலின் கர்ப்பிணி மனைவியைக் கடத்திவிட்டு போன் செய்கிறார்கள்: அந்த நோயாளியை மூன்று மணி நேரத்துக்குள் வெளியே கொண்டுவா.

இந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் பிரிவில் குழாய் லேசாகக் கழன்றாலே மெஷின் அலறும், நான்கு பேர் ஓடிவருவார்கள். ஆனால் வெள்ளை உடுப்போடு கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகிறவனை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. எத்தனையோ இரவு அப்படித் தள்ளியிருக்கிறேன், எங்கே போகிறாய் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. கடத்தல்காரன் சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறான்.

அப்புறம் ஓட்டம். மெட்ரோ துரத்தலில் லெலூஷுக்கு நிஜமாகவே மூச்சு வாங்குகிறது. சண்டை தெரிந்தவன் ஓட்டம் இல்லை அது, பயந்தவன் ஓட்டம். இயக்குநர் ஃப்ரெட் காவாயே மொத்தப் படத்தையும் 84 நிமிடத்தில் முடித்துவிடுகிறார். கடைசியில் போலீஸ் அலுவலகத்துக்குள் நடக்கிற கூத்து கொஞ்சம் ஓவர்தான். சரி, அதுவரை வந்த வேகத்துக்கு மன்னித்துவிடலாம்.

என் கோபம் பிறகு வந்த மறுபதிப்புகள்மேல். 2014இல் கொரியாவில் எடுத்தார்கள், அவன் டாக்டர் ஆனான். 2019இல் அமெரிக்காவில் நர்ஸ். அதே ஆண்டு தமிழில் 'கடாரம் கொண்டான்': கதை கோலாலம்பூருக்குப் போனது, இங்கேயும் டாக்டர். போதாததற்கு, தப்பவைக்கப்படும் நோயாளியாக விக்ரம் வந்ததும் கதையே அவர் தோளில் ஏறிக்கொண்டது. அதன் இயக்குநர் ராஜேஷ் எம். செல்வா அதற்கு முன் எடுத்த 'தூங்காவனம்' படமும் ஒரு பிரெஞ்சுக் கடத்தல் கதைதான், கமலை வைத்து. மனிதருக்கு இந்த ஊர்ப் படங்கள்மேல் பிரியம் போல.

டாக்டர் ஒரு நோயாளியை வெளியே கொண்டுபோக வேண்டுமென்றால் கையெழுத்து போட்டாலே வழி பிறக்கும். சாமுவேலிடம் என்ன இருக்கிறது? வண்டி தள்ளத் தெரியும், அவ்வளவுதான். அந்தக் கதி இல்லாவிட்டால் எனக்கு அந்த மூன்று மணி நேரம் பதறாது.

படம் பார்த்த அன்று இரவே மறுபடி வேலை. ஒவ்வொரு கட்டிலாகப் போய் வென்டிலேட்டர் குழாயின் இணைப்பை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் பின்னால் வந்து நின்று, "நீயும் போய்ப் பார்த்துட்டியா?" என்றாள்.