கரும்பலகையில் நின்ற 720720

பொ.ம.சி. (பொது மடங்குகளுட் சிறியது, அதாவது தரப்பட்ட எண்கள் எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண்) பாடம் என்றதும் பழைய மாணவர் பலருக்கு அந்த நீண்ட ஏணிதான் ஞாபகம் வரும். 1 முதல் 16 வரையான எண்களை ஒரே வரிசையில் எழுதி, இடப்பக்கம் 2, 2, 2, 2, 3, 3 என்று வகுத்துக்கொண்டே இறங்கி, 5, 7, 11, 13 ஐயும் முடித்துவிட்டு, இடப்பக்கத்து எண்களைப் பெருக்கினால் வருவது 720720. வகுபடாத எண்ணை அப்படியே கீழே இறக்காமல் விட்டால் விடை சிறுத்துப்போகும். ஏணியை விட்டுவிட்டு 2, 4, 8, 16 நான்கையும் சேர்த்துப் பெருக்குபவர்களுக்கோ விடை வீங்கிவிடும். 16 க்குள்ளேயே மற்ற மூன்றும் அடக்கம். ஒவ்வொரு முதன்மை எண்ணிலும் மிகப் பெரிய வலுவை மட்டும் எடுத்தால் போதும்: 16 × 9 × 5 × 7 × 11 × 13.

ஏணியே இல்லாமலும் இந்த எண்ணைப் பிரிக்கலாம். அதுதான் இதன் அழகு. 720 இருமுறை எழுதப்பட்டிருக்கிறது, ஆகவே இது 720 × 1001. அந்த 1001 என்பது 7 × 11 × 13. எந்த மூவிலக்க எண்ணையும் அடுத்தடுத்து இருமுறை எழுதினால் 7, 11, 13 மூன்றாலும் மீதியின்றி வகுபடுவது இதனால்தான். 17 ஆல் வகுக்கும்போதுதான் முதன்முதலாக மீதி விழுகிறது: 5.

காரணிகளை எண்ணுவதில்தான் அதிகம் பேர் தடுமாறுவார்கள். 2, 3, 5, 7, 11, 13 ஒவ்வொன்றும் எத்தனை முறை பெருக்கப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டும் சுட்டிகள் 4, 2, 1, 1, 1, 1. ஒவ்வொன்றுடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கவேண்டும்: 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240. ஒரு காரணியை ஆக்கும்போது 2 ஐ நான்கு முறை வரை எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம், ஆக ஐந்து வழி. எடுக்காமல் விடும் அந்த வழியை மறந்து சுட்டிகளை மட்டும் பெருக்கினால் 8 தான் கிடைக்கும். 240 காரணிகளும் 120 சோடிகளாக அமையும். ஒன்றுக்கொன்று மிக நெருங்கி நிற்கும் சோடி 840 × 858.

இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் 240 காரணிகள் கிடையாது. தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் விஞ்சும் இத்தகைய எண்களைப் பற்றித்தான் இராமானுஜன் 1915 இல் நீண்ட ஆய்வுக் கட்டுரை எழுதினார். அவற்றில் 2, 3, 5 என்று முதன்மை எண்கள் பெரிதாகப் பெரிதாகச் சுட்டிகள் ஒருபோதும் ஏறுவதில்லை, இறங்கும் அல்லது சமமாக நிற்கும். காரணத்தை நாமே பார்க்கலாம். 2 இன் சுட்டியையும் 3 இன் சுட்டியையும் இடம் மாற்றினால் 1621620 வரும். 13 ஐ எடுத்துவிட்டு 17 ஐப் போட்டால் 942480. இரண்டுக்கும் காரணிகள் அதே 240, எண் மட்டும் வீணாகப் பெருத்துவிட்டது.

ஏணியை 17 வரை நீட்டினால் விடை 17 மடங்காகி 12252240 ஆகும். 18 ஐயும் சேர்த்தால் விடை அசையாது. 2 உம் 9 உம் ஏற்கனவே உள்ளே இருக்கின்றன.