முன்பக்கம் அரசி, பின்பக்கம் தேவி

கி.பி. 54இல் நீரோ ரோமப் பேரரசராக அரியணை ஏறியதும் வெளிவந்த பொற்காசில், அவரும் அவருடைய தாய் அக்ரிப்பினாவும் நேருக்கு நேர் பார்த்தபடி இருக்கிறார்கள். ஆனால் அந்த முகங்களைச் சுற்றி ஓடுபவை தாயின் பட்டங்கள். நாடாளும் மகனின் பெயரோ பின்பக்கத்தில் இருக்கிறது. மறு ஆண்டுக் காசில் இருவரும் ஒரே திசையை நோக்க, மகன் முன்னே நிற்கிறார், தாய் அவருக்குப் பின்னால் பாதி மறைந்திருக்கிறார், பட்டங்களும் இடம் மாறிவிட்டன. அதன்பின் நீரோவின் பொற்காசுகளில் அக்ரிப்பினா இல்லை. 59இல் மகனின் ஆணைப்படியே அவர் கொல்லப்பட்டார்.

ஔரியஸ் எனப்பட்ட இந்தக் காசு ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் அகலமே உடையது; ஒன்றின் மதிப்பு தினாரியஸ் என்னும் வெள்ளிக்காசுகள் 25. இவ்வளவு சிறிய வட்டத்தில் கூந்தலின் ஒவ்வொரு பின்னலையும் செதுக்கிய அச்சுக் கொல்லரின் கைத்திறன் வியப்பளித்தாலும், என் கண் முதலில் பின்பக்கத்தைத்தான் தேடும். இரண்டாம் நூற்றாண்டில் முன்பக்கம் அரசி, பின்பக்கம் தேவி என்பது வழக்கமாகிவிட்டது. மயில் அருகில் நின்றால் திருமணத் தேவி ஜூனோ, கையில் ஆப்பிள் இருந்தால் காதல் தேவி வீனஸ், கதிரும் தீவட்டியும் ஏந்தினால் தானியத் தேவி சீரிஸ், பாம்புக்குக் கிண்ணத்தில் உணவூட்டினால் உடல்நலத் தேவி சாலஸ். அரசியிடம் அரண்மனை எதை எதிர்பார்த்தது என்பதை இந்தத் தேவியரே சொல்லிவிடுகிறார்கள்.

இளைய ஃபாஸ்டினாவின் காசுகளில் மகப்பேற்றைக் காக்கும் ஜூனோ லூசினாவும், குழந்தைகள் சூழ நிற்கும் வளமைத் தேவியும் வருவது தற்செயலன்று. பின்னாளில் பேரரசரான தம் கணவர் மார்க்கஸ் அரேலியஸுக்கு அவர் பத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றார். முதல் மகள் பிறந்தபின் 147இல் அவருக்கு, பேரரசக் குலப் பெண்ணுக்குரிய உயர்ந்த பட்டமான 'அகஸ்டா' கிடைத்தது. கணவர் 'அகஸ்டஸ்', அதாவது பேரரசர், ஆனதோ 161இல்தான். இளைய ஃபாஸ்டினாவின் தாய் மூத்த ஃபாஸ்டினா 140இல் இறந்து தெய்வமாக்கப்பட்ட பிறகும், கணவரான பேரரசர் அந்தோனினஸ் பயஸ் தம் ஆட்சி முழுவதும் அவர் பெயரில் காசு அடித்துக்கொண்டே இருந்தார். அவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது தேவி எவரும் இல்லாத ஒன்று: அரசியின் நினைவாக ஆதரிக்கப்பட்ட ஏழைச் சிறுமியர், 'ஃபாஸ்டினாவின் பெண்கள்' என்ற எழுத்துடன் அதில் இடம்பெற்றிருக்கிறார்கள்.

பேரரசர் செப்டிமியஸ் செவரஸின் காசு ஒன்றில் அவருடைய அரசி ஜூலியா டோம்னா நம்மை நேராகப் பார்க்கிறார். இரு பக்கமும் மகன்கள் கராகல்லாவும் கேட்டாவும். சுற்றியுள்ள எழுத்து, 'இக்காலத்தின் நற்பேறு'. 211ஆம் ஆண்டின் இறுதியில், கராகல்லாவின் ஏவலால், கேட்டா அதே தாயின் மடியில் வெட்டிக் கொல்லப்பட்டார்.