நீல உறையும் பச்சை உறையும்

திருகோணமலை நகரில், மணித்தியாலக் கணக்கில் காசு வாங்கிக்கொண்டு கேம் விளையாட விடும் சிறிய கடையொன்றில் 2017 முதல் மூன்று ஆண்டுகள் வேலை செய்தேன். கணக்கெழுதுவது, கொன்ரோலர்களைக் கழற்றித் துடைப்பது, நேரம் முடிந்தும் எழும்பாத பெடியன்களை எழுப்புவது ஆகியவையே என் பொறுப்புகள். ஒரு கேம் ஒரேயொரு இயந்திரத்துக்கு மட்டும் உரியதாக இருக்கலாமா என்று அங்கே அடிக்கடி வாதம் நடக்கும். இருக்கலாம் என்பதே அன்று என் கட்சி.

2018 இன் இறுதியில் உப்புவெளியிலிருந்து ஒரு தாய், பத்து வயது மதிக்கத்தக்க மகனோடு வந்து, கைப்பையிலிருந்து நீல உறையொன்றை எடுத்து மேசையில் வைத்தார். தோஹாவில் வேலை செய்யும் கணவர் அனுப்பிய ஸ்பைடர்மேன் டிஸ்க் அது.

"தம்பி, இது பழுதோ? போட்டா ஒண்டும் வருதில்லை."

வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன்; ஒரு கீறலும் இல்லை. வீட்டில் என்ன மெஷின் என்று கேட்டதற்குப் பையனே பதில் சொன்னான்: "எக்ஸ்பொக்ஸ் வன். கனடா மாமா தந்தது."

பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பொக்ஸ் வன் இரண்டும் வாசிப்பது ஒரே ப்ளூ-ரே வகை டிஸ்குகளைத்தான்; ஆனால் ஒன்றுக்கென வந்த கேம் மற்றதில் ஓடாது. நீல உறை பிளேஸ்டேஷனுக்கு, பச்சை உறை எக்ஸ்பொக்ஸுக்கு என்பது கடையில் நிற்கும் எங்களுக்குத் தெரியும். வேலை முடிந்த களைப்போடு மகனுக்காகத் தேடி வாங்கும் தகப்பனுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. அந்தக் கேம் பச்சை உறையில் வெளிவரவேயில்லை என்பதை அந்தப் பையனிடம் சொல்வதுதான் எனக்கு இன்னும் கடினமாக இருந்தது.

என் கட்சி அதன்பின் இரண்டாகப் பிரிந்தது. 2014 இல் வந்த பயோனெட்டா 2 என்ற கேம், சொந்தமாகக் கேம் இயந்திரம் விற்கும் நிண்டெண்டோ நிறுவனம் பணம் போட்டிராவிட்டால் உருவாகியே இருக்காது. சோறு போட்டு வளர்த்தவர் பிள்ளையைத் தன் வீட்டில் வைத்திருப்பதில் எனக்குக் குறையில்லை. ஆனால் டோம்ப் ரைடர் என்ற கேமின் 2013 ஆம் ஆண்டுப் பாகம் இரு தரப்பு இயந்திரங்களிலும் ஒன்றாக வெளிவந்திருக்க, 2015 இல் எக்ஸ்பொக்ஸுக்கு முதலில் வந்த அடுத்த பாகத்துக்காகப் பிளேஸ்டேஷன் வைத்திருந்தவர்கள் ஏறத்தாழ ஓராண்டு காத்திருக்க நேர்ந்ததை அதே கணக்கில் சேர்க்க என்னால் முடியவில்லை.

இயந்திரத்தைச் சொற்ப இலாபத்துக்கு, சிலவேளை நட்டத்துக்கும், விற்றுவிட்டுப் பின்னர் விற்பனையாகும் ஒவ்வொரு கேமிலும் பங்கு எடுப்பதே இந்த வியாபாரத்தின் அடித்தளம் என்பதால், தனியுரிமைக் கேம்கள் தூண்டில் இரையாகின்றன என்பது விளங்குகிறது. பிடித்த கேமுக்கேற்ற இயந்திரத்தை வாங்கிக்கொள்ளட்டும் என்று நானும் முன்பு வாதாடியவன்தான். எங்கள் வீடுகளிலோ, கனடாவிலிருந்தோ கட்டாரிலிருந்தோ எது வந்து இறங்குகிறதோ அதுதான் இயந்திரம். இரண்டாவதாக ஒன்றை வாங்குவது பற்றிப் பேச்சே எழாது.

முதலாளி அந்த டிஸ்கைக் கடைக்கு எடுத்துக்கொண்டு, பதிலாகப் பையனுக்கு 20 மணித்தியாலங்கள் இலவசமாகக் கொடுத்தார். அவர் கணக்கில் அது நல்ல பேரம். சனிக்கிழமைகளில் தாய் வாசலில் காத்திருக்க அவன் வந்து விளையாடினான். 2022 ஆகஸ்டில் அந்தக் கேம் கணினிக்கு வந்தபோது நான் வேலையை விட்டிருந்தேன். எக்ஸ்பொக்ஸுக்கு அது வரவில்லை. கடைசி மணித்தியாலத்தில் அவன் கதையை முடிக்க முயலவேயில்லை. கட்டடத்துக்குக் கட்டடம் நூல் வீசி ஆடிக்கொண்டேயிருந்தான். நானும் அன்று நேரம் பார்க்கவில்லை.