ஜாரா பலகை ஒருவழியாக வழிக்கு வந்தது

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இடித்த பழைய வீட்டின் தரைப்பலகைகளை ஒட்டிச் செய்த ஜாரா (அந்தப் பக்கத்துக் கடினமான யூகலிப்டஸ் மரம்) மேசைப்பலகை, எங்கும் சில்லு பெயராமல் முடிந்துவிட்டது. இழைப்புளி கைவிட்ட இடத்தில் காப்பாற்றியது ஒரு சின்ன எஃகுத் தகடு, கார்டு ஸ்கிரேப்பர்.

ஜாராவில் நார் ஒரு பட்டையில் இப்படியும் அடுத்த பட்டையில் அப்படியும் சாய்ந்து ஓடும். எந்தப் பக்கமிருந்து தள்ளினாலும் எங்காவது பிய்த்துக்கொண்டு வரும். சிப் பிரேக்கரை, அதாவது இழைப்புளி அலகின் மேல் அமர்ந்து சுருளை மடக்கி ஒடிக்கும் தகட்டை, அலகின் முனைக்கு நெருக்கி வைத்ததும் பாதி அடங்கியது. மரத்திலேயே ஓடும் பிசின் கோடுகளின் ஓரம் மட்டும் அடங்கவே இல்லை.

ஸ்கிரேப்பரில் எல்லாம் பிசிறில்தான் இருக்கிறது, அதாவது விளிம்பில் கொக்கி போல மடங்கி நின்று மரத்தைச் சீவும் நுண்ணிய எஃகு நுனியில். விளிம்பை அரத்தால் நேராக்கி, சாணைக்கல்லில் இரு முகங்களையும் பளபளப்பாகத் தேய்க்க வேண்டும். அப்புறம் எஃகை விடக் கடினமான கார்பைடு கம்பியை முகத்தின் மேல் படுக்க வைத்து இழுத்துவிட்டு, விளிம்பின் மேல் துளி சாய்த்து அழுத்த வேண்டும். ஜாராவுக்குச் சாய்வு குறைவாக இருப்பதே நல்லது. அதிகம் சாய்த்தால் பிசிறு மடிந்து கடிக்காது. சரியாக அமைந்தால் மெல்லிய சுருள் வரும். தூள் வந்தால் பிசிறு போய்விட்டது, மறுபடி கம்பியை எடுங்கள். உலர்ந்த ஜாரா கன மீட்டருக்கு 800 கிலோவைத் தாண்டும். ரயில் ஸ்லீப்பருக்கும் துறைமுகத் தூண்களுக்கும் போன மரம், விக்டோரியா காலத்து லண்டன் தெருக்களில் கட்டைகளாகப் பதித்த மரம். விளிம்பு சீக்கிரம் மழுங்கத்தான் செய்யும். உப்புத்தாள் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தத் தூசி முகமூடியையும் மீறித் தொண்டையைப் பிடிக்கிறது.

ஆணித்துளைகளைச் சுற்றிய கருநீலக் கறை, இரும்பும் மரத்தின் துவர்ப்புப் பொருளான டானினும் சேர்ந்து உண்டானது. ஆக்சாலிக் அமிலம் போட்டால் போய்விடும். நான் அப்படியே விட்டுவிட்டேன், பழைய பலகைக்கு அதுதான் அழகு.

பலகை வாங்க நினைப்பவர்களுக்கு: மேற்கு ஆஸ்திரேலியாவில் 2024 தொடக்கத்திலிருந்து இயற்கைக் காடுகளில் வணிகத்துக்காக மரம் வெட்டுவது நின்றுவிட்டது. காட்டுப் பராமரிப்புக்கும் அனுமதி பெற்ற சுரங்கங்களுக்கும் அகற்றும் மரம்தான் புதிதாக வருகிறது. ஆகவே இடிப்புச் சாமான் கிடங்குகளே நமக்குக் கதி. அங்கே போகும்போது மெட்டல் டிடெக்டர் கையில் இருக்கட்டும். ஒடிந்த ஆணி ஒன்று போதும், அலகு காலி.

அப்படி ஒரு கிடங்கில் ஒரு ஸ்லீப்பர் பார்த்து வைத்திருக்கிறேன், தோட்டத்து பெஞ்சுக்கு. மேசைக்குக் கால் பூட்டுவது இன்னும் பாக்கி. எண்ணெய் பூசுவது அதற்கும் அப்புறம்தான்.