பனிச்சரிவு: தட்டிப் பார்க்கும் சோதனை

பனிக்குள் புதைந்த வலுவற்ற அடுக்கு உடைந்து பனிச்சரிவாகுமா என்று அறிய, ஸ்கீயோடு மலையேறுபவர்கள் பனியில் குழி தோண்டிச் செய்யும் சோதனைகளில் நான் அதிகம் நம்புவது நீள்தூண் சோதனையை (Extended Column Test) தான்.

சரிவுக்குக் குறுக்கே 90 செ.மீ., சரிவின் மேல்திசையில் 30 செ.மீ. அளவில், சுற்றியுள்ள பனியிலிருந்து ஒரு பனித்தூணை அறுத்துத் தனியே நிற்கவிடுங்கள். பின்பக்கமும் முழுதாக அறுபட வேண்டும், இல்லாவிட்டால் முடிவு பொய்யாகும். தூணின் மேல் ஒரு ஓரத்தில் மண்வெட்டித் தகட்டை வைத்து மணிக்கட்டை அசைத்து 10, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10 முறை தட்டுங்கள்.

எத்தனையாவது தட்டில் உடைந்தது என்பதைவிட விரிசல் மறுமுனைவரை ஓடியதா என்பதே முக்கியம். விரிசல் தொடங்கிய தட்டிலோ அடுத்த தட்டிலோ ஓடிவிட்டால், 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளையும் அவற்றின் அடிவாரத்தையும் தவிருங்கள்.

ஓடவில்லையா? அதை மட்டும் வைத்துப் பாதுகாப்பு என்று முடிவு கட்டாதீர்கள். காற்று குவித்த பனி சில மீட்டருக்குள்ளேயே மாறும். ஒரு மீட்டருக்குக் கீழே புதைந்த வலுவற்ற அடுக்கைத் தட்டு எட்டாமலும் போகும். காலடியில் பனி 'வூம்ஃப்' என்று அமுங்கினால் குழியே தேவையில்லை, செங்குத்தான சரிவுகளை விட்டு விலகிவிடுங்கள்.