சுங்கை சிப்புட் சறுக்குப்பலகைக் கூடம்: ஒரு தாயின் நாட்குறிப்பு

14 ஜூன் 2025, சனி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட்டில், தொழிற்பேட்டைப் பக்கம், முன்பு மரத் தளவாடக் கிடங்காக இருந்த கட்டடத்தில் உள்ளரங்கச் சறுக்குப்பலகை (ஸ்கேட்போர்டு) கூடம் ஒன்று திறந்திருப்பதாகப் பிள்ளைகள் பல வாரங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மகளுக்குப் பன்னிரண்டு வயது, அண்ணன் மகனுக்குப் பதினைந்து. இருவரையும் ஏற்றிக்கொண்டு, பசியாறிவிட்டு, கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விட்டோம். இதுவரை எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகளுக்குத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தின் சிமெண்டுத் தரைதான் திடல். மழை வந்தால் அதுவும் இல்லை.

முகப்பில் முதலில் நீட்டப்படுவது பொறுப்புத் துறப்புப் படிவம். மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டிருக்கிறார்கள். பதினெட்டு வயது நிறையாதவர்களுக்குப் பெற்றோர் கையொப்பமிட வேண்டும் என்பதால், அண்ணனிடம் முன்பே கையொப்பம் வாங்கி வைத்திருந்தேன். எனக்குப் பின்னால் நின்ற செம்பனைத் தோட்டத்து அக்கா ஒருவர், "இதுல என்ன எழுதியிருக்கு, தங்கச்சி?" என்று கேட்டார். எலும்பு முறிந்தாலும் நிர்வாகம் பொறுப்பேற்காது என்பதுதான் சாரம் என்று சொன்னேன். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, "அடிபட்டா யாரு தூக்கிட்டுப் போவாங்க? அது எங்க எழுதியிருக்கு?" என்றார். அது எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. முகப்பில் இருந்த பையன் முதலுதவிப் பெட்டியைக் காட்டினான்; மருத்துவமனைக்குத் தங்கள் வேனிலேயே கொண்டுபோவோம் என்றும் சொன்னான். நல்ல பதில்தான், ஆனால் அந்த அக்கா கேட்டிராவிட்டால் அங்கு வந்திருந்த எந்தப் பெற்றோருக்கும் அது தெரிந்திருக்காது.

வாடகைக்குப் பலகை, தலைக்கவசம், முழங்கால், முழங்கை, மணிக்கட்டுக் காப்புகள் தருகிறார்கள். மகளுக்குக் கொடுத்த தலைக்கவசத்தின் உட்பஞ்சு முந்தைய ஆளின் வியர்வையில் இன்னும் ஈரமாக இருந்தது. கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்துப் போட்டுவிட்டேன். பயிற்சி தரும் தம்பி, அவளை நேராக நிற்கவைத்துப் பின்னாலிருந்து மெல்லத் தள்ளினார். வலக்கால் முன்னே வந்தது. வலக்காலை முன்வைத்து நிற்பவர்களை இவர்கள் 'கூஃபி' என்று அழைக்கிறார்கள். அவள் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

15 ஜூன், ஞாயிறு

இருவருக்கும் உடம்பெல்லாம் வலி. மகளுக்கு இடுப்பெலும்பின் பக்கம் நீலம் பாரித்திருக்கிறது. காப்பு எதுவும் மூடாத இடம் அது. அடுத்த முறை தடித்த காற்சட்டை போட வேண்டும்.

21 ஜூன், சனி

ஜூன் 21 உலகெங்கும் ஸ்கேட்போர்டிங் நாளாகக் கொண்டாடப்படுவதாம். அதனால் இன்று கூடத்தில் கால்வைக்க இடமில்லை. ஈப்போவிலிருந்தும் கோலகங்சாரிலிருந்தும் இளைஞர்கள் மோட்டாரில் வந்திறங்கியிருந்தார்கள். பலகைக்காரர்கள், சாகசச் சைக்கிள்காரர்கள், குட்டி ஸ்கூட்டரில் காலுந்தி ஓடும் சிறுவர்கள் என மூன்று கூட்டம் ஒரே தளத்தில்.

பெற்றோருக்கென்று போட்ட கம்பித் தடுப்பில் சாய்ந்து வெகுநேரம் பார்த்ததில், இந்த இடத்தில் எழுதப்படாத ஒழுங்கு ஒன்று இருப்பது விளங்கியது. வளைதளத்தின் (வளைந்து ஏறும் சறுக்குத் தளம், ராம்ப்) மேல் விளிம்பில் இரும்புக் குழாய் ஒன்று பதிந்திருக்கும். அதற்குக் கோப்பிங் என்று பெயர். அந்தக் குழாயின்மேல் பலகையின் வாலை வைத்து நிற்பவரே அடுத்து இறங்கும் முறைக்குரியவர். ஒருவர் ஓடி முடித்துத் தளத்தை விட்டு விலகும்வரை மற்றவர் இறங்குவதில்லை. யாரும் வளைவின் அடியில் உட்காருவதில்லை. காலிலிருந்து பலகை நழுவி யார் பக்கமாவது பாய்ந்தால், விழுந்தவன் தன் அடியைத் தடவுவதற்கு முன்பே "போர்டு!" என்று கத்துகிறான். இவ்வளவையும் ஈப்போ இளைஞர்கள் ஒருவருக்கொருவர் கண்ணசைவிலேயே நடத்தினார்கள்.

ஆனால் முதன்முறை வந்த பிள்ளைக்கு இதை யார் சொல்வது? ஏழெட்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஸ்கூட்டரில் குறுக்கே பாய, சைக்கிளில் வந்த இளைஞர் அவனைத் தவிர்க்கப் பக்கவாட்டில் விழுந்து முழங்கை சிராய்த்துக்கொண்டார். அவர் திட்டினார், சிறுவனின் தந்தை பதிலுக்குச் சத்தம் போட்டார். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைத் தாளில் உணவு கொண்டுவரக்கூடாது, சிகரெட் பிடிக்கக்கூடாது, கட்டணம் திருப்பித் தரப்படாது என்று இருந்தது. முறை மாறி இறங்குவது பற்றி ஒரு வரியும் இல்லை. வளைதளம் எவ்வளவு உயரம், எத்தனை சறுக்குக் கம்பி என்பதைப் பார்த்து இப்படிப்பட்ட கூடங்களை மதிப்பிடுகிறார்கள். தெரியாதவனுக்கு அங்கே முதல் பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதை வைத்துத்தான் நான் மதிப்பிடுவேன்.

29 ஜூன், ஞாயிறு

மூன்று மணிக்கு இடியோடு மழை. தகரக் கூரையில் விழுந்த மழைச் சத்தத்தில் பயிற்சியாளர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. கைச்சாடையிலேயே வகுப்பு நடந்தது. சிறிது நேரத்தில் காற்றில் ஈரம் ஏறி, ஒட்டுப்பலகையால் செய்த வளைதளம் வழுக்கத் தொடங்கியதும், எல்லாரையும் நிறுத்திவிட்டு இரண்டு ஊழியர்கள் உலர்ந்த துடைப்பத்தால் அடிமுதல் முடிவரை துடைத்தார்கள். அந்த இடைவேளைக்கான நேரத்தை ஒவ்வொருவரின் கைப்பட்டையிலும் கூட்டி எழுதிக் கொடுத்தது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த இடைவெளியில் பிள்ளைகள் பஞ்சுக் குழியில் குதித்தார்கள். சைக்கிளிலும் பலகையிலும் காற்றில் சுழலப் பழகுபவர்கள் அடிபடாமல் விழுவதற்காக, தளர்ந்த பஞ்சுக் கட்டைகளை நிரப்பிய குழி அது. விழுவது எளிது, ஏறி வெளியே வருவதற்குள் மூச்சு வாங்குகிறது. உள்ளே ஒருவர் இருக்கும்போது இன்னொருவர் குதிக்கக்கூடாது என்ற விதியை மட்டும் ஊழியர் கண்டிப்பாகக் காத்தார். பஞ்சு நாளடைவில் நொறுங்கித் தூசாகிக் குழியின் அடியில் சேர்வதால், வெளிநாடுகளில் பல கூடங்கள் காற்றடைத்த மெத்தைக்கு மாறிவிட்டன. மகள் வெளியே வந்தபோது முடியெல்லாம் மஞ்சள் துகள், தும்மல் வேறு. இளைப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளைகளை இதில் இறக்க வேண்டாம்.

9 ஜூலை, புதன்

வார நாள் மாலையில் கூடம் கிட்டத்தட்டக் காலி. மாமனாரும் வந்தார். தோட்டத்து ரப்பர் ஆலையில் காலமெல்லாம் உழைத்தவர்; பால் தொட்டியில் திராவகம் விட்டு உறையவைப்பது, உருளையில் கொடுத்து ஷீட் எடுப்பது, புகைக்கூடத்தில் அடுக்குவது எல்லாம் அவர் கைபட்ட வேலைகள். பேத்தியின் பலகையைக் கவிழ்த்து மடியில் வைத்துச் சக்கரத்தை நகத்தால் அழுத்திப் பார்த்தார். நகம் இறங்கவில்லை. "இது பால்மரத்துச் சரக்கு இல்ல" என்றார்.

உண்மைதான். சறுக்குப்பலகைச் சக்கரம் பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருள். 1960களில் களிமண் கலவைச் சக்கரங்கள்தான் இருந்தன. சின்னக் கல் தட்டினாலே பலகை நின்று, ஆள் மட்டும் முன்னே பறப்பார். 1970களின் தொடக்கத்தில் பிராங்க் நாஸ்வொர்தி என்ற அமெரிக்கர் பாலியூரித்தேன் சக்கரத்தைக் கொண்டுவந்த பிறகே இந்த விளையாட்டு மறுபடி உயிர்பெற்றது. சக்கரத்தின் மேல் 99ஏ என்று எழுதியிருந்தது. அது கடினத்தின் அளவு: 99ஏ, 101ஏ சக்கரங்கள் வளைதளத்தில் வேகமாக ஓடும், வேண்டும்போது வழுக்கவும் செய்யும், 78ஏ போன்ற மிருதுவானவை கரடுமுரடான சாலைக்கு ஏற்றவை. பயிற்சி தரும் தம்பி இதை மாமனாருக்கு விளக்க, அவர் தலையாட்டிக்கொண்டே பேத்தியின் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். அடிப்பாகத்தை மடக்கி, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். "இதுல இருக்கு. கந்தகம் போட்டு வேகவெச்சது" என்றார். சறுக்குப்பலகைக்கென்றே செய்யப்படும் சப்பாத்துகளில் பலவற்றின் அடிப்பாகம் கந்தகமேற்றிய ரப்பர்தான். தட்டையாகவும் மெல்லியதாகவும் இருப்பதால் பலகை காலுக்குத் தெரிகிறது, பலகையின் மேலொட்டிய மணல்தாளைக் கவ்வவும் செய்கிறது. ஓட்டப்பந்தயச் சப்பாத்தோடு வரும் பிள்ளைகள் ஏன் தடுமாறுகிறார்கள் என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது.

போகும்போது மாமனார் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, புகைக்கூடத்தில்கூட மேலே காற்றுப்போக்கி வைத்திருப்பார்கள், இங்கே பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒன்றும் இல்லையே என்றார். நடுப்பகலில் அங்கே நின்று பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள். நான்கு பெரிய விசிறிகளும் சூட்டை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குத் தள்ளுகின்றனவே தவிர, வெளியேற்றவில்லை.

12 ஜூலை, சனி

மகள் இன்று சிறிய வளைதளத்தில் மேலிருந்து இறங்கினாள். 'ட்ராப் இன்' என்பார்கள். பின்காலால் வாலைக் குழாயோடு அழுத்தி, பலகையின் முன்பாதி அந்தரத்தில் நிற்க, முன்காலைத் திருகாணிகளின் மேல் வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் ஒரே நொடியில் முன்னே கொடுக்க வேண்டும். பயந்து பின்னால் சாய்ந்தால் பலகை முன்னே பாய்ந்துவிடும், முதுகு தரையில் இருக்கும். பயம் சொல்வதற்கு நேர்மாறாக உடம்பு நடந்துகொள்ள வேண்டியிருப்பதால்தான் இது கடினம். பயிற்சியாளர் முதலில் அவள் இரு கைகளையும், பிறகு ஒரு கையை, பிறகு விரல் நுனியை மட்டும் பிடித்தார். பிறகு பிடிப்பதுபோல் கையை நீட்டினார், பிடிக்கவில்லை. அவள் கீழே போய்ச் சேர்ந்த பிறகே அது அவளுக்குத் தெரிந்தது. ஏமாற்று வேலை என்று கோபித்துக்கொண்டு, உடனே மறுபடியும் ஏறினாள்.

ஈப்போ இளைஞர்கள் பலகையைத் தரையில் தட்டி ஆரவாரம் செய்தார்கள். இங்கே கைதட்டல் அப்படித்தான். பக்கத்தில் நின்ற ஒரு தாய், "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்? கைகால் உடைஞ்சா?" என்று என் காதுபடச் சொன்னார். 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்ட ஸ்கேட்போர்டிங்கில், மகளிர் ஸ்ட்ரீட் பிரிவில் தங்கம் வென்ற ஜப்பானின் மோமிஜி நிஷியாவுக்கு வயது 13; வெள்ளி வென்ற பிரேசிலின் ராய்சா லியாலுக்கும் 13. நம் பக்கம் வேண்டுமென்றால், வெறுங்காலோடு பலகையேறிய மாமல்லபுரத்துக் கமலி மூர்த்தி இருக்கிறார். கைபேசியில் கமலியின் படத்தைக் காட்டினேன். அந்தத் தாய் சிரித்துவிட்டு, "அந்தப் பிள்ளை காப்புக்கூடப் போடலையே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. புதிதாகப் பழகுபவர்கள் விழும்போது கையை ஊன்றுவதால் மணிக்கட்டுதான் அதிகம் முறிகிறது. இரவல் வாங்கியாவது அந்தக் காப்பைப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

26 ஜூலை, சனி

படிவத்தைப் படித்துக் காட்டச் சொன்ன அக்காவை இன்று பாசாரில் பார்த்தேன். அவருடைய பையன்கள் பிறகு கூடத்துக்குப் போனார்களா என்று கேட்டேன். "எங்க? ரெண்டு பேருக்கும் சேர்த்து அம்பது வெள்ளி" என்றார். நுழைவு 15 வெள்ளி (ரிங்கிட்), பலகையும் காப்பும் 10 வெள்ளி, தலைக்கு 25. குறைந்தபட்சச் சம்பளம் இவ்வாண்டு 1,700 வெள்ளி ஆகியிருக்கிறது. மாதம் 26 நாள் வேலை என்று வகுத்தால் நாளுக்கு 65 வெள்ளிதான் வரும். தோட்டப்புறத்தின் நடுவில் கூடத்தைக் கட்டி, தோட்டத்துப் பிள்ளைகள் தடுப்புக்கு வெளியே நின்று பார்க்கும் நிலை வந்தால், ஈப்போ இளைஞர்களின் மோட்டாரை நம்பித்தான் அது பிழைக்க வேண்டும்.

பிற்பகல் கூடத்துத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) பேசினேன். கேட்டவை மூன்று: வார நாளில் புதியவர்களுக்கு மட்டும் ஒரு மணி நேரம், அதற்குக் குறைந்த கட்டணம், இறங்கும் முறையைச் சொல்லும் அறிவிப்புப் பலகை ஒன்று தமிழ் உட்பட எல்லா மொழியிலும். அவர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, புதன் மாலைகளில் எப்படியும் கூடம் காலியாகத்தான் கிடக்கிறது என்றார். கூரையில் காற்றுப்போக்கி பற்றிக் கேட்டபோது மட்டும் பேச்சை மாற்றிவிட்டார்.

ஆகஸ்டிலிருந்து புதன்கிழமை ஐந்து மணி முதல் ஆறு மணி வரை புதியவர்களுக்கான நேரம். காப்பு வாடகை உட்பட 10 வெள்ளி. ஸ்கூட்டரும் சைக்கிளும் அந்த ஒரு மணி நேரம் தளத்தில் ஏறா. வருகிறவர்கள் தட்டையடிச் சப்பாத்து, தடித்த காற்சட்டை, தலைக்கவசத்துக்குள் வைக்க ஒரு கைக்குட்டை, நிறையத் தண்ணீர் கொண்டுவரவும். உடன் வர முடியாத பெற்றோர் படிவத்தில் முன்கூட்டியே கையொப்பமிட்டு அனுப்பினால், முகப்பில் ஏற்றுக்கொள்கிறார்கள். இறங்கும் முறைக்கான தமிழ் வாசகத்தை என்னையே எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். அண்ணன் மகனோடு உட்கார்ந்து நாளை எழுத வேண்டும்.