கண்மாய் மீனும் இரும்புச் சட்டியும்

சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களில் பங்குனி, சித்திரை மாதங்களில் தண்ணீர் முழங்காலளவுக்கு வற்றியதும் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், விடியுமுன்பே ஊத்தா, கச்சா என்னும் மீன்பிடிக் கருவிகளும் வலையுமாக வந்து காத்திருக்கும் சுற்றுவட்டாரத்து மக்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் உள்ளே இறங்குவார்கள். அன்று பிடிபடுவதை விலைக்கு விற்பது வழக்கமில்லை. இந்த ஆண்டு சித்தப்பாவின் ஊத்தாவில் இரண்டு ஜிலேபிக் கெண்டைகளும் ஒரு விராலும் அகப்பட்டன. ஒன்பது மணிக்கெல்லாம் அவை அப்பத்தாவின் அடுப்படிக்கு வந்துவிட்டன.

கண்மாய் மீன் என்றாலே சேற்று வாடை என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அந்த வாடையை அமுக்குவதற்காக மசாலாவை அள்ளிக் கொட்டுகிறவர்களும் உண்டு. இரண்டாவது வழியில் மீனின் ருசியும் சேர்ந்தே அமுங்கிவிடுகிறது என்பதுதான் என் வருத்தம். வாடைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்னும் பொருள். நீரிலுள்ள நீலப்பச்சைப் பாசியும் சிலவகை நுண்ணுயிரிகளும் அதை உண்டாக்குகின்றன. முதல் மழையில் மண்ணிலிருந்து எழும் மணத்துக்கும் அதுவே காரணம். மீனின் உடம்பில் அது பெரும்பாலும் தோலிலும் கொழுப்பிலும் தங்குகிறது. புளிப்பு பட்டால் சிதைந்து மணம் இழக்கிறது. கல்லுப்பால் தேய்த்துக் கழுவிய மீனை அப்பத்தா ஏன் புளித்தண்ணீரில் கால் மணி நேரம் போட்டுவைக்கிறார் என்பது இதைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

கழுவுவதில் அவசரம் கூடாது. விரால் காற்றையும் சுவாசிக்கும் மீன் என்பதால், கரையேறிச் சில மணி நேரம் ஆன பின்னும் ஈரப் பானைக்குள் உயிரோடு துள்ளும். கையில் நிற்காமல் வழுக்கும். அடுப்புச் சாம்பலை அள்ளிப் பூசிக்கொண்டால்தான் பிடி கிடைக்கும், கொழகொழப்பும் அதோடு போகும். ஜிலேபியின் வயிற்றுக்குள் உட்புறமாக ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வை விரல் நகத்தால் முழுக்கச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். பித்தப்பை உடையக் கூடாது. கல்லூரி நாட்களில் நான் தனியாகச் சமைத்த முதல் கெண்டை அதனால்தான் வாயில் வைக்க முடியாதபடி கசந்தது. எத்தனை முறை கழுவியும் அந்தக் கசப்பு போகவில்லை.

இனி சமையல். ஜிலேபியை முழு மீனாகவே வைத்துக்கொண்டு, இருபுறமும் சாய்வாக மூன்று கீறல்கள் போட வேண்டும். அப்போதுதான் பிடித்த உடனே சமைக்கும் மீனின் தோல் சூட்டில் சுருங்கி, உடம்பு வில்லாக வளையாமல் இருக்கும். உப்பும் மஞ்சளும் தடவி, ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்து, அகன்ற இரும்புச் சட்டியில் நான்கு கரண்டி நல்லெண்ணெய் காய்ந்ததும் மெல்லப் படுக்க வைக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் போதும். அவசரப்பட்டுத் திருப்பினால் தோல் சட்டியோடு போய்விடும். தோல் முறுகியதும் மீன் தானாகவே விட்டுக்கொடுக்கும். பாதி வெந்த மீனை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, அதே எண்ணெயில் கால் கரண்டி வெந்தயம், தட்டிய சின்ன வெங்காயம் பதினைந்து, பூண்டு எட்டுப் பல், ஒரு கொத்துக் கறிவேப்பிலை என வரிசையாகப் போட்டு வதக்க வேண்டும். வெங்காயம் நிறம் மாறியதும் மிளகாய்த்தூள் இரண்டு கரண்டி, பொடித்த மிளகு அரைக் கரண்டி. தூள் கருகுவதற்குள் நெல்லிக்காயளவு புளியைக் கரைத்த ஒரு தம்ளர் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும்.

இந்த இடத்தில்தான் சாற்றின் ருசி உண்டாகிறது. புளித்தண்ணீர் சூடான சட்டியில் சீறிக்கொண்டு விழும்போது, அடியில் ஒட்டியிருக்கும் முறுகல் துணுக்குகளை மரக்கரண்டியால் சுரண்டிவிட்டால் அவை கரைந்து சாறு செம்பழுப்பாகும். மல்லித்தூளோ தேங்காய்ப் பாலோ இதற்கு வேண்டாம். அவை பெரிய குழம்புக்கு உரியவை. பாதியாகச் சுண்டி, ஓரங்களில் எண்ணெய் பிரியத் தொடங்கியதும் மீனைத் திரும்ப இறக்கி, சாற்றை மேலே ஊற்றி ஊற்றி ஐந்து நிமிடம் சிறுதீயில் வைக்க வேண்டும். கரண்டி போட்டுக் கிளறவே கூடாது. சட்டியின் இரு காதுகளையும் துணியால் பிடித்துச் சுழற்றினால் போதும். கீறலுக்குள் தெரியும் சதை கண்ணாடித்தன்மை நீங்கி வெண்மையானால் வெந்துவிட்டது என்று பொருள். புளி நெடுநேரம் இரும்பில் நின்றால் சாறு கறுத்து உலோகச் சுவை ஏறும் என்பதால், இறக்கிய கையோடு மண்சட்டிக்கு மாற்றிவிட வேண்டும்.

விராலையும் துண்டுகளாக்கி இதே முறையில் செய்யலாம். சதை கெட்டி என்பதால் இன்னும் இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். சதைக்குள் சிறு முட்கள் அதிகம் இல்லாததால் எங்கள் வீட்டில் அது பிள்ளைகளுக்கே போகும். அன்றைக்குக் கேப்பைக் களி கிண்டியிருந்தோம். களியின் நடுவில் குழி செய்து அந்தச் சாற்றை ஊற்றி, ஜிலேபியின் கன்னத்துச் சதையை மட்டும் தனியே கிள்ளி அப்பத்தாவின் தட்டில் வைத்தார் சித்தப்பா.